சுவரோரம் நிற்பவரைக் கேள்

யாழினி, முகிலன், இது உங்கள் இருவருக்கும்.

ராணுவ மருத்துவமனையில் நோயாளி படுத்துக்கொண்டே அட்டென்ஷனில் இருப்பார். இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதிகாரி வார்டுக்குள் கால் வைத்ததும் படுக்கையில் இருப்பவருடைய கால் இரண்டும் சேரும், கைகள் போர்வைக்கு மேலே உடம்போடு ஒட்டும், தாடை நிமிரும். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், கூரையைப் பார்த்து "பாயிக், புவான்!" என்று ஒரு சத்தம் வரும். நன்றாக இருக்கிறேன், மேடம் என்று அர்த்தம். மலாய்க்காரர், சீனர், தமிழர், ஈபான் யாராக இருந்தாலும் பதில் அது ஒன்றுதான். அதிகாரியிடம் முனகக்கூடாது என்று பயிற்சியில் அவர்களுக்குள் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். காய்ச்சல் வந்தாலும் அது இறங்காது.

யாழினி அடுத்த மாதம் தோளில் பட்டையோடு தாதி அதிகாரியாக வார்டுக்குப் போகப் போகிறாள். முகிலன் தாதியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நான் முப்பது வருடம் அட்டெண்டனாக இருந்து ஓய்வு பெற்றவன். நோயாளியைத் தூக்குவது, துடைப்பது, திருப்பிப் போடுவது, தள்ளுவண்டி தள்ளுவது, பெட்பேன் எடுப்பது என் வேலை. படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டது. ஊசி எந்த இடத்தில் போடுவது, மருந்து எத்தனை மில்லி என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு அது தெரியாது. ஏழாம் கட்டிலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். வீட்டில் இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. உங்கள் அம்மாவுக்குப் பாதி தெரியும். அந்தப் பாதியில் என் பொய் இல்லை.

எங்கள் மருத்துவமனையின் மெட்ரனை, அதாவது தலைமைத் தாதியை, எல்லோரும் புவான் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் எழுதவில்லை, அவருக்கு அது பிடிக்காது. நம்மைப் போலக் கிள்ளான்காரர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்று கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் கேப்டன். அதற்குப் பிறகு மேஜர், பல வருடம் மேஜராகவே இருந்தார். மேலே ஒரு நாற்காலி இருந்தது: தாதியர் பிரிவு முழுவதற்கும் தலைமை. அந்த நாற்காலிக்கு வெளியிலிருந்து ஒரு டாக்டரையோ நிர்வாக அதிகாரியையோ அனுப்புவார்கள். வார்டில் பெட்பேன் கழுவி வளர்ந்த தாதி யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. புவான் ஒருவர்தான் உட்காரக்கூடியவர் என்று எல்லோருக்கும் தெரியும். உட்கார விடுவார்களா என்பதுதான் தெரியாது.

வார்டில் மலாயும் ஆங்கிலமும்தான் பேசுவார். எங்களைப் போன்ற தமிழ் ஆட்களிடமும் தமிழ் பேச மாட்டார். "பெருமை புடிச்சவங்க லா" என்று பேன்ட்ரியில் டீ குடிக்கும்போது பேசிக்கொள்வோம். நானும் பேசியிருக்கிறேன்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கர்னல் குடலிறக்க அறுவைக்கு வந்திருந்தார். அறுவை முடிந்து இரண்டாம் நாள், அணிவகுப்பு இருக்கிறது, நான் போகவேண்டும் என்று சத்தம் போட்டார். சின்ன டாக்டர் பயந்துபோய்க் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். புவான் அப்போது கேப்டன். கர்னலிடம் போய் முடியாது என்று கேப்டன் சொல்ல முடியுமா? அவர் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து கர்னலின் சீருடையையும் பூட்ஸையும் எடுத்துவரச் சொன்னார். நான்தான் எடுத்துப் போனேன். "சரி சார், போகலாம். பூட்ஸ் கயிற்றை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், கார் வரச் சொல்கிறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கர்னல் குனிந்தார். பாதி தூரம் போனதும் முகம் சிவந்தது. அப்படியே கொஞ்ச நேரம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த பூட்ஸுக்கு பாலிஷ் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். புவான் சிரிக்கவே இல்லை. "பாலிஷ் போட்டு வைக்கிறோம், சார். நாலு நாள் ஆகும்" என்றார்.

காலை ரவுண்டு பத்து மணிக்கு. புவான் முன்னால், நாங்கள் மிஸி என்று கூப்பிடும் தாதிகள் பின்னால், கடைசியில் கிளார்க். அட்டெண்டன்கள் நாங்கள் தள்ளுவண்டியையும் தடுப்புத் திரையையும் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்போம். சுவரோரம் நிற்பவன் பேசக்கூடாது. அப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் யாரும் பேசி நான் பார்த்ததில்லை.

ஏழாம் கட்டிலுக்கு வந்தவன் பெயர் தேவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிள்ளானுக்குப் பக்கத்துக் காப்பார் பையன், லான்ஸ் கார்ப்பரல், இருபத்துநாலு வயது இருக்கும். பயிற்சியின்போது ராணுவ லோரியின் பின்பக்கம் ஏறும்போது வழுக்கி, இடது விலா லோரி விளிம்பில் இடித்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு உடையவில்லை. இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்த்து அனுப்பலாம் என்று டாக்டர் எழுதினார். வந்த அன்றே என்னிடம் ஒட்டிக்கொண்டான்.

"அண்ணே, நீங்க கிள்ளானா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"வந்ததும் மொத வேலையா மிஸிகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களே. கிள்ளான் ரயில்ல லேட்டா வர்றவன்தான் டெய்லி மன்னிப்புக் கேட்டுட்டு வேலைய ஆரம்பிப்பான்."

வார்டே சிரித்தது. தமிழ் தெரியாதவர்களுக்கு அவனே மலாயில் திருப்பிச் சொன்னான், அவர்களும் சிரித்தார்கள். சிரித்தபோது அவன் விலாவைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அடிபட்ட இடம், வலிக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை அவன் ரொட்டியையும் முட்டையையும் தொடவில்லை.

"என்னடா, சாப்பிடல?"

"பசிக்கலண்ணே. தோளு வலிக்குது." இடது தோளின் நுனியைக் காட்டினான். "மல்லாக்கப் படுத்தா ஏறுது."

"விழுந்தப்ப அடிபட்டிருக்கும்."

"தோளு எங்கயும் இடிக்கவே இல்லண்ணே."

இந்த வார்த்தையை நான் காதில் வாங்கினேன். மனதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுதவேண்டி இருந்திருக்காது.

"இரு, மிஸிகிட்ட சொல்றேன்" என்று திரும்பினேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"அண்ணே, வேணாம் லா. வெளிநாட்டுக்கு அமைதிப் படை அனுப்புறாங்கல்ல, அந்த லிஸ்ட்ல என் பேரு இருக்கு. வெள்ளிக்கிழமை லிஸ்ட்ட மூடுறாங்க. ஃபைல்ல 'வலி'ன்னு ஒரு வார்த்த எழுதினாலே போச்சு, என் எடத்துக்கு ஆளு ரெடியா நிக்கிறான். எங்க கம்பெனியில அந்த லிஸ்ட்ல தமிழன் நான் ஒருத்தன்தான்."

"டாக்டர்கிட்ட சொன்னா மருந்து குடுப்பாங்கடா."

"மருந்தோட சேத்து லெட்டரும் குடுப்பாங்க. நீங்க அண்ணன் மாதிரி இருக்கீங்களேன்னுதான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். நம்ம பையன் ஒருத்தன் மேலே போகிறான், நாமே காலை வாரக்கூடாது என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்று செய்தேன். என் பையில் இருந்த தைலத்தை எடுத்து அவன் தோளில் தேய்த்துவிட்டேன். "சொகமா இருக்குண்ணே" என்றான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று புவானுக்கு முக்கியமான நாள். அந்த நாற்காலிக்கான பதவி உயர்வுக் குழு இரண்டு மணிக்கு அவரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கார். மறுபடி உடை மாற்ற நேரம் இருக்காது என்று, காலையிலேயே சடங்குச் சீருடையில் வந்துவிட்டார். தொப்பி, இஸ்திரி மடிப்பு, நெஞ்சில் பதக்கங்கள். எப்போதும் சாதாரண வெள்ளை உடையில்தான் ரவுண்டு வருவார். அன்று அந்த உடையிலேயே வந்தார். வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் பலகை மாதிரி விறைத்துவிட்டார்கள்.

ஏழாம் கட்டிலில் நின்றார். "எப்படி இருக்கிறாய்?" என்று மலாயில் கேட்டார்.

"பாயிக், புவான்!"

"வலி?"

"இல்லை, புவான்!"

"சாப்பிட்டாயா?"

"சாப்பிட்டேன், புவான்!"

அவன் சாப்பிடாத ரொட்டி என் தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் இருந்தது. நான் சுவரைப் போல நின்றேன். புவான் ஒரு நிமிடம் அவனையே பார்த்துவிட்டு, மிஸி ரொஹானாவிடம் அரைமணிக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிவிட்டு எட்டாம் கட்டிலுக்குப் போனார்.

ரவுண்டு முடிந்து நான் பேன்ட்ரியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் பதக்கம் உரசும் சத்தம். திரும்பினால் புவான். மெட்ரன் பேன்ட்ரிக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை.

"சந்திரன், அந்த ஏழாம் கட்டில் பையன் ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

தமிழில் கேட்டார். கிள்ளான் தமிழ். அவர் வாயிலிருந்து தமிழ் வந்ததில் நான் திகைத்துப்போனேன். அந்தத் திகைப்பில் உண்மை வந்திருக்கலாம். வரவில்லை.

"இல்ல, புவான். நல்லாத்தான் இருக்கான்."

அவர் போகவில்லை. மூக்கைச் சுருக்கினார். "ஒங்க கையில தைல வாசன வருதே."

"எனக்கு இடுப்பு வலி, புவான்."

ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான் ஏழாம் கட்டிலுக்குப் போனேன். தேவன் விழித்துத்தான் இருந்தான். உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை, தொட்டால் சில்லென்று இருந்தது.

"அண்ணே, தண்ணி குடுங்க. ஒக்காந்தா தல சுத்துது." அப்போதும் சிரிக்கப் பார்த்தான். "கிள்ளான் ரயிலு மாதிரி ஆயிட்டேன். கெளம்பவே மாட்டேங்குது."

நான் மிஸி ரொஹானாவைக் கூப்பிட்டேன். அவர் அழுத்தம் பார்த்தார், மறுபடி பார்த்தார். அரைமணிக்கு முன்னால் இருந்ததைவிட நன்றாக இறங்கியிருந்தது. டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் கீழே கிளினிக்கில் இருந்தார். அவர் வேலைக்குப் புதியவர். காலை ரவுண்டில் நோயாளி வலி இல்லை என்றுதானே சொன்னார், இன்னும் நாலு பேரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். ரொஹானா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் டாக்டருக்கும் தெரியாதது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தோள் வலியையும் சாப்பிடாத ரொட்டியையும் ரொஹானாவிடம் அங்கேயே சொன்னேன். அவர் மறுபடி போனை எடுத்தார். கிளினிக் லைன் கிடைக்கவில்லை.

ஜன்னல் வழியே கீழே புவானின் கார் நகர்வது தெரிந்தது.

படியில் இறங்கி ஓடினேன். ஒரு செருப்பு வழியில் கழன்றுவிட்டது. வாசலில் தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் கார் நின்றிருந்தது. காவலர் புத்தகத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார். அதிகாரியின் கார்க் கண்ணாடியை நான் இரண்டு கையாலும் தட்டினேன். காவலர் கத்திக்கொண்டே வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

கண்ணாடி இறங்கியது.

"புவான், நான் பொய் சொல்லிட்டேன்."

"எது?" என்றார்.

"ரெண்டும், புவான்."

அவர் முகம் மாறவில்லை. "வலி எங்க?"

"எடது தோளு. அடிபடாத தோளு. காலையிலேருந்து சாப்பிடல. ப்ரெஷர் எறங்கிடுச்சு. டாக்டர் கிளினிக்ல இருக்காரு."

கதவைத் திறந்து இறங்கிவிட்டார். டிரைவர் மலாயில், "புவான், இரண்டு மணி..." என்று இழுத்தார். "தெரியும்" என்றார் புவான், திரும்பாமலே. காவலரிடம், "அவருடைய காலரை விடு" என்றார்.

நான் ஓடத் தொடங்கினேன். "ஓடாதீங்க, சந்திரன்" என்றார் பின்னாலிருந்து. "நாம ஓடுனா வார்டு பூரா பயந்துரும். வேகமா நடங்க." ஒற்றைச் செருப்போடு நானும், பதக்கங்களோடு அவரும் வேகமாக நடந்தோம். வழியில் சல்யூட் அடித்தவர்களுக்கெல்லாம் அவர் பதில் சல்யூட் கொடுத்துக்கொண்டே வந்தார்.

வார்டுக்குள் வந்ததும் தேவன் காலைச் சேர்க்கப் பார்த்தான். அந்த நிலையிலும்! புவான் தொப்பியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நோயாளியின் கட்டிலில் உட்காரும் தாதியைத் திட்டித் தீர்ப்பவர் அவர்.

"தம்பி, நானும் கிள்ளான்தான். அதிகாரிக்குச் சொல்ல வேண்டிய பதில காலையிலயே சொல்லிட்ட, நான் கேட்டுக்கிட்டேன். இப்ப எனக்குச் சொல்லு. எங்கப்பா வலிக்குது?"

தேவன் முதலில் என்னைப் பார்த்தான். சொல்லிவிட்டாயா என்று கேட்கிற பார்வை. பிறகுதான் அவரைப் பார்த்தான்.

"தோளு, புவான். வயிறும் கல்லு மாதிரி ஆயிடுச்சு."

அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். எழுந்து, அறுவைக் கூடத்துக்கு நேரே போன் போட்டார். எடுத்தவர் பெரிய சர்ஜன், பதவியில் அவரைவிட மேலே. வார்டு டாக்டர் பார்த்தாரா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "வழியில் பார்ப்பார், சார். நோயாளியை உங்கள் கதவுக்குக் கொண்டுவருகிறேன். நான் நினைப்பது தவறாக இருந்தால் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். குரல் சாப்பாட்டுப் பட்டியல் சொல்வது போல இருந்தது. போனை வைத்துவிட்டுக் கட்டிலின் தலைப்பக்கத்தைப் பிடித்தார். கால்பக்கம் நான். லிஃப்ட் வாசலில் வார்டு டாக்டர் எதிரே வந்தார். தேவனின் முகத்தைப் பார்த்ததும் அவரும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

மண்ணீரல் கிழிந்திருந்தது. விழுந்த அன்று லேசாகக் கிழிந்து, அடைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்துவிட்டது. வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் தோளில் வலியாகத் தெரியும் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். நான் தைலம் தேய்த்தது அந்த வலியின் மேல்தான்.

தேவன் பிழைத்தான். இரண்டு மணிக்குப் புவான் அறுவைக் கூடத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். குழுவுக்குப் போனில் சொல்லியிருந்தார். அடுத்த முறை பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிளார்க் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது.

"நடந்தத நடந்தபடி எழுதுங்க."

"வேலை போயிடும், புவான்."

"போகலாம்" என்றார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "பொய் சொன்னத எழுதுங்க. கேட்டுக்கு ஓடி வந்ததையும் எழுதுங்க. ரெண்டும் ஒரே ஆளு செஞ்சதுதான். ஒண்ண மட்டும் எழுதுனா அது அறிக்கை இல்ல."

உடைந்த மலாயில் அரைப்பக்கம் எழுதினேன். அவர் படித்துவிட்டு, தன்னுடைய அறிக்கையை எடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு அவ்வளவு புரியாது என்று தெரிந்து, முதல் சில வரிகளைத் தமிழில் சொன்னார். நேரம் மிச்சம் பிடிப்பதற்காகச் சடங்குச் சீருடையில் ரவுண்டு போனேன். அது என் தவறு. படுக்கையில் அவன் இடது தோள் மட்டும் காதுப் பக்கம் ஏறியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அட்டெண்டன் சொன்னதை நம்பிக் கிளம்பினேன். அதுவும் என் தவறு.

"நீங்க எதுக்கு, புவான்? நான்தானே..."

"நான் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லல, சந்திரன். நான் போட்டிருந்த உடுப்புக்குச் சொன்னான். அந்த உடுப்ப போட்டது யாரு?"

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருடைய ஃபைலிலும் ஒரு குறிப்பு ஏறியது என்று கிளார்க் சொன்னார். அவரே எழுதிக் கொடுத்ததிலிருந்து எடுத்த குறிப்பு.

அடுத்த வாரம் ரவுண்டில் புதிதாக ஒன்று நடந்தது. கடைசிக் கட்டில் முடிந்ததும் புவான் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். "டிண்டிங், அப்பா செரித்தா?" என்றார். சுவரே, என்ன கதை என்று மலாயில் அர்த்தம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள், என் பக்கத்தில் நின்ற வயதான மலாய் அட்டெண்டன் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மூன்றாம் கட்டில் சார்ஜன்ட் மாத்திரையை முழுங்குவதில்லை, புவான். ஜன்னலுக்கு வெளியே போடுகிறார். கீழே பூனை ஒன்று இரண்டு நாளாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறது" என்றார். சார்ஜன்ட் அட்டென்ஷனில் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். புவான் அன்று சிரித்தார். அதற்குப் பிறகு சுவர் பேசத் தொடங்கியது. ரவுண்டு முடிந்து அரைமணி கழித்து, தொப்பி இல்லாமல், தனியாக இன்னொரு முறை வார்டைச் சுற்றி வருவதையும் அவர் வழக்கமாக்கிக்கொண்டார்.

தேவன் வீட்டுக்குப் போகும் நாளில் அவன் பையை நான்தான் கார் வரைக்கும் தூக்கிப் போனேன். அமைதிப் படை லிஸ்ட்டில் அவன் பெயர் அடிக்கப்பட்டுவிட்டது. அவன் இடத்தில் வேறு ஆள் போய்விட்டான். கார்க் கதவை மூடும் முன்னால், "ஒங்கள நம்பித்தானேண்ணே சொன்னேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் "ஆமா" என்றேன். அவன் சொன்னது சரி. உயிரைக் காப்பாற்றியவன் என்று அவன் என்னை நினைக்கவேண்டிய அவசியம் இல்லை. இன்னும் இரண்டு மணி நேரம் முன்னால் சொல்லியிருந்தால் அவ்வளவு ரத்தம் போயிருக்காது.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். "அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று நோயாளி தொடங்கினால், "சொல்ல வேண்டியதா இருந்தா சொல்லிடுவேன். இப்ப சொல்லு" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் உடனே வாயை மூடிக்கொள்வார்கள். பரவாயில்லை. வாயை மூடிக்கொண்டவரை மிஸியிடம் காட்டலாம். வாக்குக் கொடுத்துவிட்டுக் கேட்டதைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. முகிலா, உன்னிடம் எல்லோரும் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள். இதை உனக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

புவானுக்கு அடுத்த முறையும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த முறை கிடைத்தது. வார்டிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் தாதி அவர். கர்னலாகவும் ஆனார். சுவரைக் கேட்கும் வழக்கம் மற்ற ராணுவ மருத்துவமனைகளுக்கும் போயிற்று. அங்கே அதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்து, படிவமும் அச்சடித்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் ஓய்வு பெற்றபோது எங்களிடம் விடைபெற வந்தார். அதிகாரிகள் முன்வரிசையில், நாங்கள் வழக்கம்போல் கடைசியில். கைகுலுக்கிக்கொண்டே வந்தவர் எங்களிடம் வந்து நின்று, "டிண்டிங், அப்பா செரித்தா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். கடைசியில் நான், "பாயிக், புவான்" என்றேன்.

"நீங்க சொல்லி இத நான் நம்பணுமா?" என்றார் தமிழில்.

போன வருடம் தீபாவளிக்கு முன்னால், அம்மாவுக்குச் சேலை எடுக்க பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன் அல்லவா? பசிக்கிறதே என்று ஒரு வாழையிலைக் கடையில் நுழைந்தேன். எதிர் மேசையிலிருந்து ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தேவன். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். ராணுவத்தை விட்டுவிட்டு லோரி ஓட்டுகிறானாம். பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. மனைவி கை கழுவப் போயிருந்தார்.

"பாப்பா, இந்த மாமாதான் அப்பாவோட ரகசியத்த ஊருக்கே சொன்னவரு" என்றான் குழந்தையிடம்.

"என்ன ரகசியம்?"

"தோளு வலி."

"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு அவள் அப்பளத்துக்குத் திரும்பிவிட்டாள்.

"ஒடம்பு எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேண்ணே." முதுகு நேராக நிமிர்ந்தது. ராணுவத்தை விட்டு எத்தனை வருடமானாலும் அது போகாது போல.

அவன் இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பிசைந்தான்.

"லோரில ஏறி எறங்குறப்ப அந்தத் தழும்பு இழுக்குதுண்ணே. ரெண்டு மாசமா. அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வீக்கம் மாதிரி..." குரலைத் தாழ்த்தினான். "வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க லா. லோரிய வித்துடுன்னு ஆரம்பிச்சிடுவா."

"சொல்ல வேண்டியதா இருந்தா சொல்லிடுவேன்" என்றேன்.

அவன் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். யார் இவர் என்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா, நான் இவரு இருந்த வார்டுல வேல பாத்தவன். இவருக்குத் தழும்புகிட்ட வீங்கியிருக்காம், ரெண்டு மாசமா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"அண்ணே!" என்று தேவன் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவன் மனைவி பேசியதை எழுத இடம் போதாது. போகும்போது என் சாப்பாட்டுக்கும் சேர்த்து அவனே கொடுத்துவிட்டுப் போனான்.

யாழினி, உன் சீருடையை அம்மா நேற்று இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறாள். நன்றாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நீ வார்டுக்குள் நுழையும்போது எல்லோரும் நேராகப் படுப்பார்கள். உன்னையும் புவான் என்பார்கள். பாயிக் என்பார்கள். எழுதிக்கொள். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பு. அங்கே உன் அப்பா வயதில் ஒருவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாப்பிடாத ரொட்டி அதன் கீழ்த்தட்டில் இருக்கும்.